பேர் போடாத வேலை

தோட்டப்புறங்களில் 'பேர்' என்னும் சொல்லுக்கு அகராதிகள் தராத பொருளொன்று உண்டு. ஒருநாள் உழைப்பிற்குரிய கூலியே அங்குப் பேர் எனப்படும். குறித்த நிறையளவு கொழுந்தினைப் பறித்துக் கொடுத்தவளுக்குச் செக்றோலில் முழுப்பேர் விழும். நிறை குறைந்தால் அரைப்பேர். மழையில் மலையேறி, அட்டைக்கடி பட்டு, அரைப்பேருடன் லயத்துக்குத் திரும்பும் பெண்ணின் முகத்தைக் கண்டவர்களுக்கே அச்சொல்லின் பாரம் விளங்கும். ஹற்றனை அடுத்த தோட்டமொன்றில், அத்தகைய செக்றோலில் முப்பது வருடங்களாகப் பேர் பதிந்துவரும் ஒருத்தியின் மகளாகிய நான், கலைப்பீடத்தில் தமிழ் பயின்றுகொண்டு, ஓய்வு நேரங்களில் திறந்தமூல மென்பொருள்களைப் பொதியாக்கவும் பராமரிக்கவும் கற்று வருகிறேன். இதனை அம்மாவுக்கு விளக்க முயன்ற வேளை அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "ஏம்மா, இதுக்குப் பேரு போடுவாங்களா?"

இல்லை என்றேன். அக்கேள்வி அத்துடன் முடிந்துவிடவில்லை என்பதனாலேயே இக்கட்டுரையை எழுத நேர்ந்தது.

பொதியாக்கம் என்பது யாதென்று கலைப்பீட நண்பர்கள் வினவக்கூடும். மென்பொருள் ஒன்றினை ஆக்கியவர் அதன் மூலத்தை யாவரும் படிக்கவும், திருத்தவும், பகிரவும் உரிமையளித்து வெளியிடுகிறார். ஆயினும் அம்மூலம் அப்படியே பயனருக்கு உதவுவதில்லை. மலையில் பறித்த கொழுந்தை நேரே கேத்தலில் இட்டுத் தேநீர் தயாரிக்க எவரும் முனைவதில்லை அல்லவா? ஸ்டோரில் கொழுந்து வாட்டப்பட்டு, அரைக்கப்பட்டு, புளிக்க வைக்கப்பட்டு, உலர்த்தப்பட்டு, சலித்துத் தரம் பிரிக்கப்படுகின்றது. பின்னர் தோட்டத்தின் அடையாளமும், பி.ஓ.பி., டஸ்ட் முதலான தரமும், தொடரிலக்கமும், நிறையும் பொறித்த பொதிகளாகவே அது கொழும்பு ஏலத்திற்குச் செல்கின்றது. மென்பொருளுக்கும் இஃதொப்ப ஒரு ஸ்டோர் வேண்டியிருக்கிறது. இப்பொருள் எது, எப்பதிப்பு, யார் ஆக்கியது, எவ்வுரிமத்தின் கீழ் வருவது, இயங்குவதற்கு வேறு எவற்றைச் சார்ந்துள்ளது என்பனவற்றையெல்லாம் பொறித்து, ஒரே கட்டளையில் கணினியில் நிறுவத்தக்கதாக ஆக்குவதே பொதியாக்கம்.

இத்தகைய ஸ்டோர்களுள் மிகப் பழையனவற்றில் ஒன்று டெபியன். 1993 ஓகஸ்ட் மாதத்தில் இயன் மேர்டொக் என்னும் அமெரிக்க மாணவர் இதனைத் தொடங்கினார். தமது காதலி டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் இணைத்து அவர் இட்ட பெயர் இன்றும் நிலைத்திருக்கின்றது. (அக்காதல் பின்னர் மணத்தில் முடிந்து, மணமுறிவிலும் முடிந்தது. பெயர்கள் மனிதரைவிட உறுதியானவை போலும்.) 2025 ஓகஸ்டில் வெளிவந்த அதன் பதின்மூன்றாம் பதிப்பு ஏறத்தாழ 70,000 பொதிகளைக் கொண்டது. இவற்றைப் பேணுவோர் உலகெங்கும் சிதறியுள்ள தொண்டர்கள். டெபியன் அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பதில்லை.

நான் பயிற்சிக்காக எடுத்துக்கொண்டது தமிழ் எழுத்துரு ஒன்று. எழுத்துருவைப் பொதியாக்குவது எளிதென்று கூறியே நண்பர்கள் அதனை என் தலையில் கட்டினர். நிரல் எழுத வேண்டிய பகுதி உண்மையில் எளிதாகவே இருந்தது. நாட்களை விழுங்கியது உரிமைக் குறிப்பே. எழுத்துருவினுள் அடங்கிய ஒவ்வொரு கோப்பும் எவருடையது, எவ்வுரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது என வரிவரியாகப் பதிய வேண்டும். வேறோர் எழுத்துருவிலிருந்து இலத்தீன் எழுத்துக்களை எடுத்திருப்பின் அதையும் சொல்லியாக வேண்டும். ஒரேயொரு கோப்பின் வரலாறு தெரியாவிடினும் பொதி ஏற்கப்படமாட்டாது. அடுத்து 'ஸ்ரீ' வந்து வழிமறித்தது. 'ஶ' என்னும் எழுத்து 2005இல் ஒருங்குறியில் சேர்க்கப்பட்டமையால், 'ஸ்ரீ' இரு வேறு எழுத்துத் தொடர்களாற் குறிக்கப்படும் நிலை ஏற்பட்டுள்ளது. கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு இரண்டாகவும் தோன்றும் இவ்வெழுத்து, நான் எடுத்த எழுத்துருவில் ஒரு வழியில் மட்டும் கூடி, மறுவழியில் உடைந்து நின்றது.

இவ்விடத்தில்தான் தமிழ் கற்றவளுக்கு ஒரு துணிவு பிறந்தது. 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையின் பணியை எம் விரிவுரைகளில் நாம் கேட்டறிந்துள்ளோம். ஏடுகளைத் தேடுவது, பாடங்களை ஒப்புநோக்குவது, எது மூலம் எது தம் திருத்தம் என்று வேறுபிரித்துக் காட்டுவது, பிறர் நூலுக்குத் தாம் ஆசிரியராகிவிடாமல் பதிப்பாசிரியராக மட்டும் நிற்பது ஆகியன பதிப்பாசிரியரின் ஒழுக்கங்கள். டெபியனிலும் இதே ஒழுக்கமே வேண்டப்படுகிறது. மூல ஆசிரியர் அளித்த கோப்பு தொடப்படாமல் ஒருபுறம் இருக்க, பொதியாக்குபவர் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் தனிக் கோப்பாக, காரணத்துடன் மறுபுறம் இருத்தல் வேண்டும். இயன்றவரை அத்திருத்தத்தை மூல ஆசிரியருக்கே அனுப்பிவிடுவது முறை. 'ஸ்ரீ' பற்றிய திருத்தத்தையும் நான் அவ்வாறே அனுப்பினேன்.

பதிப்பாசிரியர் தம் எல்லையைத் தாண்டினால் நேர்வது என்ன? 2006ஆம் ஆண்டு டெபியனின் பராமரிப்பாளர் ஒருவர், ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் மறைகுறியாக்க மென்பொருளில், சோதனைக் கருவியொன்று குறைகாட்டிய வரிகளை நல்லெண்ணத்துடன் நீக்கினார். கணினி இரகசியத் திறவிகளை உருவாக்கும்போது வேண்டப்படும் எதேச்சைத் தன்மை அவ்வரிகளோடு பெரும்பாலும் அகன்றது. கோடானுகோடி சாத்தியங்கள் இருக்கவேண்டிய இடத்தில், ஒரு வகைத் திறவிக்கு ஏறத்தாழ 32,000 சாத்தியங்களே எஞ்சின. 2008 மே மாதத்திலேயே இது கண்டுபிடிக்கப்பட்டது. உலகெங்கும் திறவிகளை மாற்ற வேண்டியதாயிற்று. பொருள் விளங்காத அடியைப் பிழையென்று நீக்கிவிடும் பதிப்பாசிரியரைத் தமிழுலகமும் அறியும். ஆனால் அவரால் வங்கிகளுக்குத் தீங்கு நேர்வதில்லை.

பொதியாக்குவது ஒருநாள் உற்சாகத்தில் முடியக்கூடியது. பராமரிப்பு அவ்வாறன்று. மூலம் புதிதாகும், சார்ந்துள்ள பிற பொதிகள் மாறும், பயனர் எங்கிருந்தோ வழு ஒன்றை அறிவிப்பார், பாதுகாப்புக் குறை வெளிப்படும். இவற்றுக்கெல்லாம் முகங்கொடுக்க ஒருவர் இருந்துகொண்டே இருத்தல் வேண்டும். அவர் விலகினால் அப்பொதியை 'அநாதை' என்றே டெபியன் குறித்துப் பட்டியலிடுகின்றது. அப்பட்டியலை முதன்முறை கண்டபோது எனக்கு எம் லயங்கள் நினைவுக்கு வந்தன. ஆங்கிலேயர் காலத்திற் கட்டப்பட்ட வரிசைக் காம்பராக்கள் பல இன்றும் குடியிருப்புக்களாக உள்ளன. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. கைகள் மாறினவேயன்றி, ஒழுகும் கூரைத் தகரத்தை மாற்றும் பொறுப்பு எவருடையது என்பது எம் வீட்டில் என்றுமே தெளிவாகியதில்லை. உள்ளே வாழ்பவருக்கு உரித்தில்லை. உரித்துள்ளவர் உள்ளே வாழ்வதில்லை. திறந்தமூல மென்பொருளின்பால் என்னை முதலில் ஈர்த்தது அதன் இலவசத் தன்மையன்று. கூரை ஒழுகினால் நானே ஏறித் தகரத்தை மாற்றலாம், அதற்கு எவரிடமும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை என்னும் அந்த உரிமைதான்.

ஆனால் உரிமை வேறு, வலு வேறு. இதனை உணர்த்திய நிகழ்ச்சி 2024 மார்ச் மாதத்தில் வெளிப்பட்டது. எக்ஸ்-செட் என்பது கோப்புக்களைச் சுருக்கும் சிறு கருவி; எண்ணற்ற கணினிகளில் ஓசையின்றி இயங்குவது. அதனைப் பல்லாண்டுகள் ஏறத்தாழத் தனியொருவராகப் பேணிவந்த லாஸ்ஸே கொலின், தமது சோர்வையும் இது ஊதியமற்ற பணியென்பதையும் 2022இல் வெளிப்படையாக எழுதினார். பணி தாமதமாகிறதெனச் சிலர் அவரை நெருக்கினர். உதவிக்கரம் நீட்டி ஜியா டான் என்னும் புனைபெயரினர் ஒருவர் வந்தார். இரண்டாண்டுகளுக்கு மேலாக நல்ல திருத்தங்களை அனுப்பி, நம்பிக்கை பெற்று, இணைப் பராமரிப்பாளராகி, ஈற்றில் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புக்களில் கள்ளக் கதவொன்றைப் பொருத்திவிட்டார். அன்ட்ரெஸ் புரொயிண்ட் என்னும் பொறியியலாளர், தொலைக்கணினியினுள் நுழைய வழமைக்கு மேல் அரை விநாடி செல்வதைக் கண்டு ஐயுற்றுத் துருவிப் பார்த்திராவிடின், அது டெபியனின் சோதனைப் பதிப்புக்களைக் கடந்து உலகின் வழங்கிகளையெல்லாம் அடைந்திருக்கும். இதனை வஞ்சகன் ஒருவனின் கதையாகவே பலர் படித்தனர். பேர் விழாத வேலையில் களைத்துப்போன ஒரு தொழிலாளியின் கதையாகவே நான் படித்தேன்.

அம்மாவின் கேள்வி இங்குதான் திரும்பி வருகின்றது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகக் குறைந்த கூலிக்கு உழைத்த சமூகத்திலிருந்து, பல்கலைக்கழகம் புகும் ஒருத்தி, கூலியில்லாத வேலையைத் தேடிச் செல்வது அறிவுடைமையா? பயன்பெறுவோருள் பெருங்கம்பனிகளும் உண்டு என்பது மறுக்க இயலாதது. கிழமை நாட்களில் வெளிநாட்டில் உயர் சம்பளம் பெறும் பொறியியலாளருக்கு வார இறுதித் தொண்டு ஓர் இன்பம். நகரத்து மாணவனுக்கு அது தொழிலுக்கான சான்று. விடுமுறையில் வீடு செல்லும் தோட்டத்துப் பெண்ணுக்கோ தண்ணீரும் விறகும் தம்பியின் பாடமும் முடிந்த பின்னரே மடிக்கணினி திறக்கும். தொண்டு செய்வதற்கும் ஒரு முதல் வேண்டும், நேரமே அம்முதல். இதனைத் திறந்தமூல இயக்கத்தார் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் கருத்து.

ஆயினும், கூலியில்லாத வேலையெல்லாம் சுரண்டல் என்று சொல்லிவிடவும் மனம் ஒப்பவில்லை. கோயில் திருவிழாவுக்கு முன் மலைப்பாதையைச் செப்பனிடும் சிரமதானத்திற்கு எவரும் பேர் கேட்பதில்லை. பாதை எமது, நடப்பவர் நாம். 2004 டிசம்பர் 26இல் கடல்கோள் இந்நாட்டின் கரைகளை அழித்தபோது, காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவதற்கு 'சஹானா' என்னும் திறந்தமூல மென்பொருளைச் சில நாட்களில் ஆக்கத் தொடங்கியவர்கள் இலங்கைத் தொண்டர்களே. பின்னர் பிறநாட்டுப் பேரிடர்களிலும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுச் சமூகநல விருதும் அதற்குக் கிடைத்தது. அவ்வேளை ஒப்பந்தம் எழுதிக் கூலி பேசிக்கொண்டிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்?

தமிழைப் பொறுத்தவரை காரணம் இன்னும் அண்மையில் உள்ளது. இலங்கையில் வழங்கும் ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பு லினக்ஸ் கணினிகளில் இயங்குவது, அதனை ஒரு கோப்பாக எழுதிப் பொதியினுள் சேர்த்தோர் இருந்தமையாலேயே. டெபியனை நிறுவும் முகப்பும் தமிழில் உள்ளது. ஆனால் வரைகலை முறையில் மட்டுமே. வெறும் எழுத்துத் திரையில் எம் உயிர்மெய்கள் ஒழுங்காகக் கூடுவதில்லை. மலையகம் பற்றிய பழைய நூல்களையும் சஞ்சிகைகளையும் எம்போன்றோர் படிக்கும் நூலக வலைத்தளம் விக்கிப்பீடியாவைத் தாங்கும் அதே மீடியாவிக்கி மென்பொருளில் இயங்குவது. இவற்றுள் எதனையும் சந்தை எமக்காகச் செய்திராது. தோட்டத்துப் பிள்ளைகள் வாங்கும் வலுவுள்ள சந்தையல்லர். நிரல் எழுதாதோர்க்கும் இதில் இடமுண்டு. மொழிபெயர்ப்போர், ஆவணம் எழுதுவோர் முதலியோரையும் முழு உறுப்பினராக ஏற்கலாமென டெபியன் 2010இல் வாக்கெடுப்பின் மூலம் தீர்மானித்தது. எம் பீடத்தார் இதனைக் கவனித்தல் நலம்.

சுயமாகப் பொதிகளை ஏற்றும் உரிமை பெறுவதற்கு இன்னுமொரு படி உள்ளது. ஏற்கெனவே உறுப்பினராயுள்ளோர் எம்மை நேரிற் கண்டு, அடையாள ஆவணத்தைப் பார்த்து, எம் மின்திறவியில் ஒப்பமிட வேண்டும். இதனைப் படித்தபோது சிறிது நேரம் பேசாமலிருந்தேன். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவரானோருள் என் பாட்டனும் ஒருவர். 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டபோது, 1,50,000 பேரின் கதி பின்போடப்பட்டது. அவர் அந்தக் கடைசிக் கணக்கில் அகப்பட்டவர். 2003இன் சட்டத்தின் பின்னரே அவர் கையில் ஓர் அட்டை வந்தது. 'நீர் யார் என்று காட்டும்' என்னும் கேள்விக்கு அரசின் அட்டையையே விடையாகக் கொள்ளும் வழக்கம் குறித்து எனக்கு ஐயம் உண்டு. ஆயினும் அரை விநாடியைக் கவனியாதிருந்தால் ஜியா டான் வென்றிருப்பார் என்பதும் நினைவிலிருக்கிறது.

2023 செப்டெம்பரில் டெபியனின் ஆண்டு மாநாடு கொச்சியில், இந்தியாவில் முதன்முறையாக, நடைபெற்றது. கடலைத் தாண்டினால் அண்மைதான். பயணச் செலவுக்கு எம்மிடம் வழியிருக்கவில்லை. எனவே என் திறவியில் இன்னும் எவரும் ஒப்பமிடவில்லை. பொதியைத் தம் பெயரில் ஏற்றித்தர இசையும் உறுப்பினரை மின்னஞ்சல் வாயிலாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். அதன் மாற்றக் குறிப்பேட்டின் அடியில், விதிப்படி, என் பெயரும் நாளும் நேரமும் பொறிக்கப்பட்டுள்ளன. அவ்வரியை அம்மாவிடம் காட்டினேன். எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "பேரு விழுந்திருக்கு, சம்பளம்தான் இல்ல" என்றார்.

சென்ற கிழமை மூல ஆசிரியர் எழுத்துருவின் புதிய பதிப்பை வெளியிட்டுள்ளார். 'ஸ்ரீ' இரு வழிகளிலும் இப்போது ஒழுங்காகக் கூடுகின்றது. நான் இட்ட திருத்தக் கோப்பு இனித் தேவையில்லை. அதனை நீக்கிப் பொதியை மீளக் கட்ட வேண்டும். மழை நாட்களில் எம் தோட்டத்தில் இணைய இணைப்பு நிலைப்பதில்லையாதலால், விடுமுறைக்கு வீடு செல்லுமுன் விடுதியிலேயே அதனை முடித்துவிட எண்ணியுள்ளேன்.