திறக்க மறுக்கும் ஆக்சஸ் கோப்பு

ஒகேனக்கல் மாதிரி சுற்றுலா ஊரில், விடுதிக் கணக்கை இரண்டு மூன்று கணினிகள் ஒரே மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் தரவுத்தளக் கோப்பில் பார்க்கும்போது, 'வேறொருவர் பயன்படுத்துகிறார்' என்று அது திறக்க மறுப்பதுண்டு. முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கோப்பு இருக்கும் ஃபோல்டரை. கோப்பைத் திறந்ததும் அதே பெயரில், 'எல்ஏசிசிடிபி' என்று முடியும் சிறு பூட்டுக் கோப்பு அங்கே உருவாகும். கடைசி ஆள் மூடியதும் அழியும். கரண்ட் போய்க் கணினி அணைந்தால் அப்படியே தங்கிவிடலாம். எல்லோரும் வெளியேறிவிட்டார்களா என்று உறுதிசெய்த பிறகே அதை அழிக்க வேண்டும். அவசரப்பட்டால் தரவே கெடலாம்.

ஃபோல்டரில் எழுதவும் அழிக்கவும் அனுமதி இல்லாதவர் முதலில் திறந்தால், அடுத்தவர் நுழைய முடியாமல் போகலாம். பலரும் கவனிக்கத் தவறுவது இதைத்தான். கோப்பு பழுதானால் நகல் எடுத்துவிட்டு 'காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்' கொடுக்கலாம். ஆக்சஸ் கோப்பு 2 ஜிபிக்கு மேல் வளராது என்பதையும் நினைவில் வைக்கவும். கணினிகளை அந்தக் கோப்போடு இணைக்க வைஃபையைவிட கேபிள் நல்லது.