மருந்து ஜன்னலுக்கு உள்ளேயிருந்து

அன்புள்ள கண்ணு,

பொதுக் கொள்கை படிக்கச் சேர்ந்திருக்கிறாய். நீ அனுப்பிய பாடத்திட்டத்தைப் படித்தேன். பிரச்சினையை வரையறுப்பது, மாற்று வழிகளை எடைபோடுவது, முடிவெடுப்பது, செயல்படுத்துவது, மதிப்பிடுவது என்று கட்டம் கட்டமாகப் போட்டிருக்கிறார்கள். அரசு மருத்துவமனை ஃபார்மசியிலேயே வேலைக்காலம் முழுக்கக் கழித்தவன் உன் தாத்தா. எனக்குத் தெரிந்ததை அங்கிருந்தே சொல்கிறேன்.

எண்பதுகளில் மாத்திரைகள் பெரிய டப்பாக்களில் உதிரியாக வரும். எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுப்போம். இருமல் மருந்துக்கு நோயாளிகளே வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவருவார்கள். யாரும் கேட்காத மருந்து அலமாரியில் காலாவதியாகிக் கிடக்கும். மழைக்காலத்தில் காய்ச்சல் மாத்திரை தீர்ந்திருக்கும். கூலியை விட்டுவிட்டு வரிசையில் நின்றவருக்கு, "ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்கோங்க" என்று ஓ.பி. சீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். அந்தச் சீட்டை வாங்கிக்கொள்ளும் கை சற்று நேரம் ஜன்னலிலேயே நிற்கும். அது எனக்கு இன்றும் வலிக்கிறது.

இதில் பிரச்சினை எது என்று கேட்டால் நீ என்ன எழுதுவாய்? பணம் போதவில்லை என்று எழுதினால் நிதியைக் கூட்டச் சொல்வார்கள். ஊழியர் சரியில்லை என்று எழுதினால் இன்னொரு ரிஜிஸ்டரும் இன்னொரு ஆய்வுக் குழுவும் வரும். அவசரப்பட்டு இந்த இடத்தைத் தாண்டிவிடாதே. 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் அமைப்பைப் பார்த்தால், அதை அமைத்தவர்கள் பிரச்சினையை மருந்து வாங்கும் முறையிலும் வைக்கும் முறையிலும் தேடியிருக்கிறார்கள் என்பது புரியும்.

அத்தியாவசிய மருந்துகளுக்கு ஒரு பட்டியல் போட்டார்கள். கம்பெனிப் பெயரைப் பார்க்காமல் மருந்தின் பொதுப்பெயரில் மாநிலத்துக்கே சேர்த்து டெண்டர் விட்டார்கள். டெண்டருக்கு இரண்டு உறை. தகுதி உறையில் தேறியவரின் விலை உறையைத்தான் பிரிப்பார்கள். சரக்கு மாவட்டக் குடோனுக்கு வந்ததும் தனியே ஒதுக்கி வைப்பார்கள். மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயரை மறைத்து, குறியீட்டு எண் போட்டுப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவார்கள். முடிவு வந்த பிறகுதான் மருத்துவமனைகளுக்குப் போகும். ஸ்டிரிப்பின் பின்பக்கம் தமிழ்நாடு அரசு, விற்பனைக்கல்ல என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பாய். வெளிக்கடையில் விற்க முடியாதபடி செய்த வேலை அது.

எனக்கு மிகவும் பிடித்தது பாஸ்புக். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் இவ்வளவு ரூபாய்க்கு மருந்து என்று அதில் வரவு வைத்துவிடுவார்கள். எங்களுக்குத் தேவையானதை நாங்களே இண்டென்ட் போட்டு எடுக்கலாம். எடுக்க எடுக்க மீதி குறையும். அதுவரை அனுப்பினதை வாங்கி அடுக்கியவர்கள், எங்கள் ஊரில் என்ன நோய் அதிகம் என்று யோசித்து எழுத ஆரம்பித்தோம். நீங்கள் ஊக்கத்தொகை, தகவல், பொறுப்புக்கூறல் என்று தனித்தனியாகப் படிப்பதெல்லாம் அந்த ஒரு சின்னப் புத்தகத்துக்குள் இருந்தது.

2011-ல் ராஜஸ்தான் இலவச மருந்துத் திட்டம் தொடங்கியபோது, அறிவிப்போடு நிறுத்தாமல் கொள்முதலுக்கென்று இதே மாதிரி ஒரு கழகத்தையும் அமைத்தது. இன்னொரு மாநிலத் திட்டத்தை எடுத்துக்கொள்பவர்கள் குடோனையும் பரிசோதனைக் கூடத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். பெயரை மட்டும் எடுத்துப் போய்க் கைவிட்ட திட்டங்கள் நிறைய.

மைக்கேல் லிப்ஸ்கி 1980-ல் எழுதிய புத்தகம் உன் பட்டியலில் இருந்தது. மக்களை நேரில் பார்க்கும் கடைநிலை ஊழியர் எடுக்கும் முடிவுகளே நடைமுறையில் கொள்கையாகின்றன என்கிறார். முழுக்க உண்மை. சர்க்கரைக்கு ஒரு மாத மாத்திரை எழுதியிருக்கிறது, இருப்போ குறைவு. வந்தவர்களுக்கு எல்லாம் பத்து நாளைக்குக் கொடுப்பதா, பஸ்ஸில் தொலைவிலிருந்து வரும் கிழவிக்கு மட்டும் முழுதாகக் கொடுப்பதா? அரசாணையில் இதற்குப் பதில் இருக்காது. மேசையில் உட்கார்ந்து திட்டம் எழுதும்போது அந்த ஊழியரின் கையில் என்ன இருக்கிறது, அவருக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டுக்கொள்.

இன்னொன்று. யாருக்குக் கொடுப்பது என்ற விவாதம் உன் வகுப்பில் கட்டாயம் வரும். 1997-ல் மத்திய அரசு ரேஷனை வறுமைக் கோட்டுக்குக் கீழ், மேல் என்று பிரித்தபோது தமிழ்நாடு அரிசியை எல்லோருக்கும் பொதுவாகவே வைத்துக்கொண்டது. தகுதியில்லாதவருக்குப் போய்ச்சேருவது ஒரு பிழை, தகுதியுள்ளவருக்குக் கிடைக்காமல் போவது இன்னொரு பிழை. முதலாவது தணிக்கை அறிக்கையில் வந்துவிடும். இரண்டாவதில் பாதிக்கப்பட்டவர் வரிசைக்கே வரமாட்டார், அதனால் எந்தக் கணக்கிலும் ஏறமாட்டார். நான் இரண்டாவதுக்குத்தான் அதிகம் பயப்படுவேன். செலவைக் காட்டி உன் பேராசிரியர் மறுக்கலாம்; அவர் சொல்வதையும் கேள், ஆனால் விடுபட்டவரைத் தேடிப் பார்த்துவிட்டு முடிவுக்கு வா.

ஆய்வுக்குத் தலைப்பு கேட்டிருந்தாய். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை எடுத்துக்கொள். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். எத்தனை வீட்டுக்குப் போனது என்ற எண்ணிக்கை அலுவலகத்திலேயே கிடைக்கும். நீ மாத்திரை கொண்டுபோகும் பெண் தன்னார்வலரோடு நடந்து போ. பகலில் பூட்டிக் கிடக்கும் வீடுகளைக் குறித்துக்கொள். அந்த வீட்டுக்காரர்கள் எந்த வேலைக்குப் போகிறார்கள், மாத்திரையை எப்போது வாங்குகிறார்கள் என்று சாயங்காலம் திரும்பிப் போய்க் கேள். போன மாதம் கொடுத்த ஸ்டிரிப்பையும் காட்டச் சொல். பிரிக்காமல் இருந்தால் ஏன் என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி எனக்கு அனுப்பு.

உன் தாத்தா