மினிக்காய்த் தீவின் மனாரா

'மினாரா' என்னும் சொல் வழங்காத முஸ்லிம் இல்லம் தமிழகத்தில் இராது. பள்ளிவாசலின் உயர்ந்த தூணைச் சுட்டிச் சிறு குழந்தையும் அச்சொல்லை மொழியும். அரபியில் அது 'மனாரா'. ஒளியைக் குறிக்கும் 'நூர்', நெருப்பைக் குறிக்கும் 'நார்' ஆகியவற்றோடு ஒரே வேரில் முளைத்தது. ஒளிக்குரிய இடம் என்பதே அதன் நேர்ப்பொருள். கடலோடிகளுக்கு வழிகாட்டும் விளக்குத் தூணையும் அரபு மக்கள் இப்பெயராலேயே அழைக்கின்றனர். இஸ்கந்தரிய்யா நகரின் புகழ்பெற்ற மனாராவை 1326ல் கண்ட இப்னு பதூதா, அதன் ஒரு பக்கம் இடிந்து கிடந்ததாக எழுதினார். 1349ல் அவர் திரும்பி வந்தபோது உள்ளே நுழையவும் வழியில்லாதபடி அது சிதைந்து போயிருந்தது. மாலத்தீவின் தலைநகரில் 1675ல் எழுப்பப்பட்ட மினாராவை அத்தீவினர் 'முன்னாரு' என்பர். ஒரு சொல் எத்தனை கடல் கடந்திருக்கிறது!

தமிழ்ச் சொல்லோ வேறு விதமாக நினைக்கிறது. சிலப்பதிகாரக் காலந்தொட்டு வழங்கும் 'கலங்கரை விளக்கம்' என்பதற்குக் கலங்களைக் கரைகின்ற, அதாவது அழைக்கின்ற, விளக்கம் என்று பொருள் கூறுவர். அரபுச் சொல் ஒளியின் இடத்தைச் சொல்லி நின்றுவிடுகிறது. தமிழ்ச் சொல் அவ்வொளிக்குக் குரலையும் கொடுக்கிறது. மாணவர்க்கு இவ்விரு சொற்களையும் அருகருகே வைத்துப் பாடம் சொல்லும்போதெல்லாம் நமக்குத் தமிழின் மீது ஒரு பெருமிதம் தோன்றுவதுண்டு. ஆயினும் அப்பொருளுக்கு அடங்காத ஒரு விளக்கும் உண்டு.

நாம் வாழும் கல்லிடைக்குறிச்சி கடல்துறை அன்று. பொதிகையின் அடிவாரத்தில், தாமிரபரணி பாயும் வயல்களுக்கும் அப்பளம் காயும் முற்றங்களுக்கும் பேர்பெற்ற ஊர். இங்கிருந்து நிலப்படத்தில் மேற்கு நோக்கிச் சற்றே தெற்குச் சாய்வாக ஒரு கோடு இழுத்தால், அது மலையைத் தாண்டி, திருவனந்தபுரத்துப் பக்கம் கடலில் இறங்கி, நானூறு கிலோமீட்டருக்கும் மேல் நீரிலேயே சென்று மினிக்காய்த் தீவை அடையும். ஊர்ப்பெயர் புதிதாகத் தோன்றலாம். ஆனால் நம் வீட்டுப் பெண்மக்கள் சம்பலுக்கு இடிக்கும் மாசியை அறியாதார் யார்? சூரை மீனை அவித்து, புகையிட்டு, வெயிலில் உலர்த்தி அதைச் செய்யும் கைத்திறன் மாலத்தீவினருக்கும் மினிக்காய் மக்களுக்கும் பொதுவானது.

லட்சத்தீவுகளில் தென்கோடியில் கிடக்கும் இத்தீவின் நிலப்பரப்பு நான்கைந்து சதுர கிலோமீட்டர்தான். மக்கள் முஸ்லிம்கள், பேசும் மொழி மஹல், எழுதுவது வலமிருந்து இடமாகச் செல்லும் தானா எழுத்து. அவ்வெழுத்தின் முதல் ஒன்பது வடிவங்கள் அரபு எண்களிலிருந்தே எடுக்கப்பட்டவை. எண்ணை எழுத்தாக்கிக்கொண்ட இம்மக்களின் துணிவை அரபு கற்பிக்கும் நாம் வியக்காதிருக்க இயலவில்லை.

தீவுக்கு வடக்கே ஒன்பது பாகைக் கால்வாய், தெற்கே எட்டுப் பாகைக் கால்வாய். செங்கடலிலிருந்து கொழும்புக்கும் அதற்கு அப்பால் சிங்கப்பூருக்கும் செல்லும் கப்பல்களுக்கு இவையே வாயில்கள். தீவோ பவளத் திட்டு. குன்று ஒன்றும் இல்லை. இரவில் தென்னைகளும் இருளில் கரைந்துவிடும். பாறையில் அலை உடையும் ஓசை கேட்கும்போது காலம் கடந்திருக்கும். 1862ல் 'கொளம்போ' என்னும் நீராவிக் கப்பல் இங்கேதான் மோதி உடைந்தது. 1869ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் இவ்வழியே போக்குவரத்து பெருகியது. 1885ல் பிரித்தானியர் ஏறத்தாழ 150 அடி உயரத்தில் இங்கே விளக்குத் தூணை எழுப்பினர். அந்நாளில் அதன் நிர்வாகம் இலங்கையிலிருந்து நடந்தது.

அத்தனை உயரம் எதற்கு? பூமி உருண்டை, ஆதலால் தொலைவிலுள்ள கப்பலுக்கு முன்னே கடலே மேடாக எழுந்து விளக்கை மறைக்கும். விளக்கு உயர உயர அம்மேட்டைத் தாண்டிக் கண்ணுக்குப் படும். இவ்வுயரத்துக்கு இருபது கடல்மைல், அதாவது நாற்பது கிலோமீட்டருக்கு அண்மையில், ஒளி தெரியும். ஆனால் ஒரு சுடர் அவ்வளவு தூரம் செல்லுமா? பிரெஞ்சு அறிஞர் பிரெனெல் 1820களில் அதற்கு விடை கண்டார். சுடரைச் சுற்றிப் பட்டை தீட்டிய கண்ணாடி வளையங்களை அடுக்கி, நாற்புறமும் சிதறும் ஒளியை ஒரே கற்றையாகத் திரட்டினார். அக்கண்ணாடிக் கூட்டைச் சுழற்றினால் கப்பலில் இருப்பவனுக்கு விளக்கு மின்னி மறையும். மின்சாரத்துக்கு முந்திய காலத்தில், தொங்கும் பளு மெல்ல இறங்க, கடிகாரப் பொறி கூட்டைச் சுழற்றும். காவலர் இரவெல்லாம் விழித்திருந்து பளுவை மீண்டும் மேலேற்ற வேண்டும். எத்தனை விநாடிக்கு ஒருமுறை மின்னுகிறது என்பதை எண்ணியே மாலுமி இது இன்ன இடத்து விளக்கு என்று அறிவான். ஆகவே பொறி ஓய்ந்தாலும் கேடு. தாளம் பிசகினாலும் கேடு.

இவ்விளக்கு எந்தக் கலத்தையும் அழைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 'இங்கே பாறை இருக்கிறது, விலகிப் போ' என்பதே இரவு முழுவதும் அது சொல்லும் செய்தி. கரைவதற்கு மாறாக விரட்டுகிறது! அதன் ஒளி தீவாருக்காக ஏற்றப்பட்டதும் அன்று. தூணின் அடியிலிருந்த வீடுகளில் எண்ணெய் விளக்கே எரிந்தது. மினிக்காய்க்கு மின்சாரம் வந்தது 1962ல். லட்சத்தீவுகளில் முதன்முதல் அதைப் பெற்றது இத்தீவே என்றாலும், பெருவிளக்கு தலைக்கு மேலே சுழலத் தொடங்கி அதற்குள் 77 ஆண்டுகள் ஓடிவிட்டன. நாடு விடுதலை பெற்ற பின்னும் சில ஆண்டுகள் அது பிரித்தானியர் பொறுப்பிலேயே இருந்தது. இம்மக்கள் அதன்மேல் வெறுப்புக் கொண்டிருந்தாலும் நாம் குறைகூற மாட்டோம். ஆனால் நடந்தது வேறு. எந்தக் கப்பல்களுக்காக அவ்விளக்கு எரிந்ததோ அதே கப்பல்களில் அவர்கள் மாலுமிகளாக ஏறினர். இன்றும் மினிக்காய் ஆண்களில் பலர் உலகக் கடல்களில் வேலை செய்கின்றனர்.

காயல்பட்டினத்தில் ஒரு திருமண விருந்தில் அத்தகைய மாலுமி ஒருவரோடு ஒரே சஹனில் உணவுண்ணும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. மலையாளம் கலந்த தமிழில் பேசினார். செயற்கைக்கோள் வழிகாட்டும் இக்காலத்தில் கலங்கரை விளக்கம் தேவைதானா என்று வினவினோம். 1927ஆம் ஆண்டுச் சட்டமே 2021ல் போய்ப் புதுச் சட்டம் வந்துவிட்டதே என்றும் சொன்னோம். அவர் நகைத்தார்.

"ஹஜ்ரத், கருவி எல்லாம் சரியாகத்தான் காட்டும். ஆனாலும் ஒன்பது பாகையைக் கடக்கும் இரவில் நான் வெளியே வந்து நின்றுவிடுவேன். வீட்டை விட்டு எட்டு மாதம், ஒன்பது மாதம் ஆகியிருக்கும். உம்மா அந்த விளக்கின் கீழேதான் தூங்கிக்கொண்டிருப்பார்கள். இரண்டு மணி நேரம் தெரியும். அப்புறம் கடலுக்குள் இறங்கிவிடும்."

"கப்பலை நிறுத்த முடியாதல்லவா?"

"நிறுத்துவதா? விளக்கு தெரிந்த நேரத்தை ஏட்டில் எழுதவேண்டும். மறைந்த நேரத்தையும் எழுதவேண்டும். எழுதிவிட்டுப் போய்ப் படுப்பேன்" என்று கூறி, கறித்துண்டு ஒன்றை நம் பக்கம் நகர்த்தி வைத்தார்.