ஸ்டெப்னிச் சக்கரம்

நமது கல்லூரி ஆண்டு மலருக்குப் பழைய மாணவன் என்ற முறையில் யாதேனும் ஒன்று எழுதி அனுப்புமாறு ஆசிரியர் பணித்தார். கல்வி, ஒழுக்கம், நாட்டுப்பணி முதலிய பெரும் பொருள்களைப் பற்றி எழுத வல்லார் பலர் உளர். அண்மையில் எனக்குப் பாடம் புகட்டியதோ ஒரு சக்கரமே. ஆதலின் அச்சக்கரத்தைப் பற்றியே எழுதத் துணிந்தேன்.

மோட்டார் வண்டியில் நான்கு சக்கரங்களுக்கு மேல் ஐந்தாவதாக ஒன்றை வைத்திருப்பதும், அதனை ‘ஸ்டெப்னி’ என்று அழைப்பதும் நம் நாட்டில் சிறுவரும் அறிந்தனவே. என் தந்தையார் திருநெல்வேலிச் சந்திப்பில் முப்பது ஆண்டுகள் வாடகைக் கார் ஓட்டியவர். அவ்வருவாயே என்னை நம் கல்லூரிக்கு அனுப்பியது. விடியற்காலையில் அம்பாசடர் வண்டியை எடுக்குமுன், அவர் பின்புறத்து ஸ்டெப்னியை முஷ்டியால் ஒருமுறை குத்தி, அதன் ஓசையைச் செவிமடுத்த பின்னரே சாவியைத் திருகுவார். மழையாயினும் வெயிலாயினும் இவ்வழக்கம் தவறியதை நான் கண்டதில்லை. இளமையில் இதனை ஒரு வேடிக்கை என்றே எண்ணியிருந்தேன்.

பின்னர் நான் வேல்ஸ் நாட்டில் ஸ்வான்ஸி நகரில் உத்தியோகத்தில் அமர்ந்தேன். கையிற் சிறிது பொருள் சேர்ந்ததும், நெடுநாள் ஆசையால் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினேன். இருவர் மட்டுமே அமரத்தக்கது அது. எடை ஏறக்குறைய 1,000 கிலோ. பின்சக்கரங்களே அதனை உந்துவன. மேற்கூரையை ஒரு கையால் மடித்துவிடலாம். பின்பெட்டியின் கொள்ளளவு 130 லிட்டரே. அதில் ஸ்டெப்னி இல்லை. அதற்கு ஈடாக, துளையை அடைக்கும் பால் போன்ற மருந்து நிறைந்த புட்டி ஒன்றும், காற்றடிக்கும் சிறு கருவி ஒன்றும் வைத்திருந்தனர்.

இக்குறை அவ்வொரு வண்டிக்கு மட்டும் உரியதன்று. சக்கரத்தையும் ஜாக்கியையும் நீக்கினால் வண்டியின் எடை குறையும்; எடை குறைந்தால் எரிபொருள் மிச்சமாகும்; செலவும் சுருங்கும்; இடமும் கிடைக்கும். இக்கணக்கைப் பல உற்பத்தியாளர்களும் போட்டனர். அமெரிக்காவில் 2015ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை ஸ்டெப்னியின்றியே விற்கப்பட்டன என்று அந்நாட்டு மோட்டார் சங்கம் அறிவித்தது. கணக்கில் பிழையில்லை. ஆனால் அது நகரத்தில் இருந்து போட்ட கணக்கு.

2023ஆம் ஆண்டுக் கோடையில் தந்தையார் என்னைக் காண வந்தார். வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார்; பின்பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

“ஏலே, ஸ்டெப்னி எங்கே?” என்றார்.

“இந்த வண்டிக்கு அது தேவையில்லை அப்பா, இந்தப் புட்டியே போதும்” என்று நகைத்தேன்.

“புட்டி சக்கரமாகுமா?” என்று மட்டும் கேட்டுவிட்டு ஏறி அமர்ந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பின், 886 மீட்டர் உயரமுள்ள பென்-அ-வான் சிகரத்தை அவருக்குக் காட்ட வேண்டி, பிரெக்கன் மலைப்பகுதிக்குச் சென்றோம். திரும்பும்போது இருட்டிவிட்டது, மழையும் பிடித்துக்கொண்டது. நீர் நிறைந்திருந்த ஒரு பள்ளத்தில் இடப்புறப் பின்சக்கரம் இறங்கிற்று. பள்ளத்தின் ஓரத்துக் கல் டயரின் பக்கச்சுவரை இரண்டு விரற்கடை நீளத்துக்குக் கிழித்துவிட்டது. நான் பெருமையுடன் புட்டியை எடுத்துப் பொருத்திக் காற்றடித்தேன். ஆணி குத்திய சிறு துளையை அம்மருந்து அடைக்கும். கிழிந்த பக்கச்சுவரை அடைக்காது. வெண்ணிற மருந்து முழுவதும் கிழிசலின் வழியே வழிந்து மழைநீரோடு கலந்து ஓடிற்று. கைப்பேசியில் தொடர்பும் கிடைக்கவில்லை. ஒரு மைல் நடந்து சென்று உதவிக்குச் சொல்லிவிட்டு மீண்டேன். அங்கே ஆடுகளைத் தவிர வேறு உயிரைக் காணோம். உதவி லாரி வர மூன்று மணி நேரமாயிற்று.

அம்மூன்று மணி நேரத்தில் தந்தையார் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. நெடுநேரம் சென்றபின், தாமே ஒரு செய்தியைச் சொல்லத் தொடங்கினார். 1987ஆம் ஆண்டில் ஒரு நாள், பஞ்சர் ஒட்டக் கொடுத்திருந்த ஸ்டெப்னியைத் திரும்பப் பெறாமலே, சவாரி தவறிவிடுமென்று அவர் கன்னியாகுமரிக்குப் புறப்பட்டாராம். திரும்பும் வழியில் பணகுடியில், பிரசவ வேதனையுற்ற ஒரு பெண்ணை நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டுமென்று உறவினர் கைகாட்டி நிறுத்தினர். இரக்கத்தால் வண்டியைத் திருப்பினார். முப்பந்தலுக்கு அருகே, பேய்க்காற்று வீசும் அவ்விடத்தில், முன்சக்கரம் வெடித்துவிட்டது. ஒரு லாரி வந்து நிற்கும்வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் அவர்கள் சாலையோரத்தில் கிடந்தனர்.

“தாய் பிழைத்துக்கொண்டாள்” என்றார் தந்தையார்.

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாள்தோறும் விடியலில் நான் கேட்டு வளர்ந்த அந்த முஷ்டியின் ஓசைக்குப் பொருள் அன்றிரவே எனக்கு விளங்கிற்று.

மறுநாள் முதல், அவ்வண்டிக்கு எவ்வாறேனும் ஒரு ஸ்டெப்னி பொருத்துவதென்று முனைந்தேன். அது பற்றித் தேடிப் படிக்கையில் வியப்பான செய்தி ஒன்றும் கிட்டியது. ஸ்வான்ஸிக்கு மேற்கே ஏறக்குறைய 18 கிலோமீட்டர் தொலைவில் உள்ள லனெல்லி என்னும் ஊரில் ஸ்டெப்னித் தெரு என்று ஒரு தெரு உண்டு. அங்கே 1904ஆம் ஆண்டில் தாமஸ் மாரிஸ் டேவிஸ் என்பவர், ஆரக்கால்கள் இல்லாத ஒரு வளையத்தில் காற்றடைத்த டயரை மாட்டி, பழுதான சக்கரத்தின்மேல் பற்றுக்கருவிகளால் இறுக்கும் உபாயத்தைக் கண்டார். அவரும் அவர் சகோதரர் வால்டரும் அதனைச் செய்து விற்றனர். அக்காலத்து மோட்டார் வண்டிகள் மாற்றுச் சக்கரமின்றியே உற்பத்தியாயின. ஆகவே ஸ்டெப்னி இல்லாத வண்டிக்கு ஸ்டெப்னி பொருத்தும் வேலை புதியதன்று. அப்பெயர் பிறந்ததே அவ்வேலையில்தான். அத்தெருவின் பெயர் கடல் கடந்து இந்தியாவிலும் மால்டாத் தீவிலும் நிலைத்தது. பிரேசில் நாட்டினர் இன்றும் ‘எஸ்டெப்பி’ என்கின்றனர். தந்தையாரும் நானும் அவ்வூருக்கு ரயிலிலேயே சென்றோம். வாழ்நாளெல்லாம் வாயில் வழங்கிய சொல் தெருப்பலகையில் எழுதியிருப்பதைக் கண்டு, அவர் எழுத்துக் கூட்டி இருமுறை வாசித்தார்.

இனி வேலையைச் சொல்வேன். பிற வண்டியின் சக்கரம் நம் வண்டிக்குச் சேர நான்கு பொருத்தங்கள் பார்க்க வேண்டும். திருகாணித் துளைகளின் எண்ணிக்கையும், அவை அமைந்த வட்டத்தின் விட்டமும் ஒத்திருத்தல் வேண்டும். என் வண்டிக்கு நான்கு துளைகள், 100 மில்லிமீட்டர் வட்டம். நடுத்துளை அச்சின் முனையில் சரியாக அமர வேண்டும். என் வண்டிக்கு அது 54.1 மில்லிமீட்டர். சக்கரத்தின் உட்புறம் பிரேக்கின் மேல் உராயக் கூடாது. நான்காவதாக, மொத்த உயரம் மற்றச் சக்கரங்களினின்று மிகவும் மாறுபடலாகாது. பழைய சாமான் கடை ஒன்றில், வேறொரு ஜப்பானியச் சிறு காருக்குரிய மெல்லிய தற்காலிகச் சக்கரம் கிடைத்தது. எடை ஏறக்குறைய 11 கிலோ. உயரத்தில் 2 சென்டிமீட்டர் குறைவு. அதில் 60 பவுண்டு காற்றழுத்தம் இருக்க வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டலாகாது.

உயரம் குறைந்த சக்கரத்தை உந்து சக்கரங்களுள் ஒன்றாக மாட்டினால், இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழன்று நடுவிலுள்ள டிஃபரன்ஷியலை வருத்தும். ஆகையால் பின்சக்கரம் பழுதானால், முன்சக்கரம் ஒன்றைக் கழற்றிப் பின்னே மாட்டி, ஸ்டெப்னியை முன்னே மாட்டுவதே முறை. ஜாக்கியை இருமுறை வைக்க வேண்டும், சிரமந்தான்.

சக்கரத்தைப் பின்பெட்டியில் கிடத்தி, வலிய பட்டையால் இறுகக் கட்டினேன். கட்டாவிடில் திடீரென்று பிரேக் பிடிக்கும்போது அதுவே ஆபத்தாகும். ஜாக்கியும் ஸ்பானரும் அதன் நடுவிலே அடங்கின. எல்லாம் முடிந்தது என்று நிமிர்ந்தேன்.

“கழற்றின சக்கரத்தை எங்கே வைப்பாய்?” என்றார் தந்தையார்.

நான் திகைத்தேன். வீட்டு வாசலிலேயே ஒத்திகை பார்த்தோம். ஸ்டெப்னி இருந்த இடத்தில் அகன்ற பெரிய சக்கரத்தை வைத்தால் மூடி சாத்தவில்லை. ஒருவனாகச் சென்றால் பக்கத்து இருக்கையில் வைக்கலாம். இருவர் சென்றால் அதற்கும் வழியில்லை. தந்தையார் சிறிது யோசித்து, ஒரு பழைய போர்வையைக் கொண்டுவரச் செய்து, இருக்கையில் அமர்ந்து அதனை மடியில் விரித்தார்.

“இங்கே வை. வீடு சேரும் மட்டும் தாங்கலாம்” என்றார்.

அப்போர்வை இன்றும் என் வண்டியில் உள்ளது. பெட்டியில் பெரும்பகுதி ஸ்டெப்னிக்கே போய்விட்டது; இரண்டு நாள் துணிக்கு மேல் எடுத்துச் செல்ல இயலாது. நண்பர் சிலர், “இவ்வழகிய வண்டிக்கு ஏன் இச்சுமை?” என்கின்றனர்.

நம் கல்லூரிச் சிற்றாலயத்தில் மத்தேயு சுவிசேஷம் 25ஆம் அதிகாரத்துப் பத்துக் கன்னிகைகளின் உவமையைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அக்காலத்தில் அடைக்கப்பட்ட கதவைப் பற்றியே சிந்தித்தேன். புத்தியுள்ள ஐவரும் எண்ணெய்ப் பாத்திரத்தை வழியெல்லாம் கையில் சுமந்தனர் என்பதை எண்ணினேனில்லை. முன்னெச்சரிக்கை என்பது வெறும் எண்ணமன்று. அதற்கு எடை உண்டு. அஃது இடம் கேட்கும். நம் இன்பப் பொருள்களுள் சிலவற்றை இறக்கி வைத்தாலன்றி அதற்கு இடம் கிடையாது. அந்த இடத்தைப் பகலில் ஒதுக்காதவன் இரவில் பிறர் உயிரையும் சாலையோரத்தில் நிறுத்துகிறான். கற்று வெளியேறும் இளைஞர்களுக்கு நான் கூறத்தக்கது இவ்வளவே.

தந்தையார் ஊர் திரும்பிவிட்டார். வாரந்தோறும் தொலைபேசியில் பேசுகையில், “ஸ்டெப்னிக்குக் காற்றுப் பார்த்தாயா?” என்று கேட்கத் தவறுவதில்லை. பார்க்கிறேன். கருவி 60 என்று காட்டிய பின்னும், முஷ்டியால் ஒருமுறை குத்திக் கேட்டுவிட்டே வண்டியை எடுக்கிறேன்.