காட்டைக் காட்டுவோர்

‘சபாரி’ என்னுஞ் சொல் கிழக்காபிரிக்காவின் சுவாகிலி மொழிக்குரியது; அதன் வேர் ‘சபர்’ என்ற அரபுச் சொல். நம் நாட்டு முஸ்லிம் மக்கள் பிரயாணத்தை இன்றும் ‘சபர்’ என்றே வழங்குவர். இந்த எளிய சொல்லை, ஏகாதிபத்திய காலத்து வெள்ளைத் துரைமார் தம் வேட்டையுலாவுக்குப் பெயராக்கினர். துரை துப்பாக்கியுடன் நடக்க, அவருடைய கட்டிலையும் குளியல் தொட்டியையும் கறுப்பு மக்கள் தலையிற் சுமந்து சென்றனர். இன்று துப்பாக்கியின் இடத்தைப் பெரும்பாலும் புகைப்படக் கருவி பெற்றுவிட்டது. சுமந்தவர்களின் நிலை எவ்வளவு மாறியிருக்கிறது? ஆபிரிக்காவின் தென்பகுதியில் வழிகாட்டியுடன் கூடாரப் பயணம் செல்வோர் எதனை எதிர்பார்க்கலாம் என்று எம்மைக் கேட்கும் நண்பர்களுக்கு, இவ்வினாவையும் சேர்த்தே விடை கூற வேண்டியிருக்கிறது.

பொட்சுவானாவில் ஆசிரியராகப் பணியாற்றும் நண்பரொருவரின் அழைப்பின்பேரில், ஒரு யூலை மாதத்தில் மவுன் நகரிலிருந்து புறப்பட்டு, மொரேமி, குவாய், சவூட்டி ஆகிய இடங்களில் ஏழு இரவுகள் தங்கினோம். யூலை அங்கே குளிர்காலம், மழை கிடையாது. ஆயினும் ஒக்கவாங்கோ நதியின் கழிமுகம் நிறைந்து கிடந்தது. அங்கோலாவின் மேட்டு நிலத்தில் மாதங்களுக்கு முன் பெய்த மழை, மெல்ல மெல்ல நகர்ந்து, நிலம் காய்ந்து கிடக்கும் வேளையில் இங்கு வந்து சேருகின்றது. கடலைக் காணாமலே கலகாரி மணலில் முடிந்துபோகும் விந்தையான நதி இது. அந்நாட்டு நாணயத்தின் பெயர் ‘புலா’; அதன் பொருள் மழை. தண்ணீரின் அருமையை அறிந்த மக்கள் வைத்த பெயர் அது.

கூடாரப் பயணம் இருவகைப்படும். ஒன்றில், பயணிகளே கூடாரமடித்து, பாத்திரங் கழுவி, வேலையைப் பகிர்ந்துகொள்வர், செலவு குறைவு. மற்றதில், பணியாட்கள் முன்னதாகச் சென்று யாவற்றையும் ஆயத்தஞ் செய்து வைப்பர். நாம் சென்றது இரண்டாவது வகை. சூரியன் எழுமுன்பே துயிலெழ வேண்டும். பற்கள் கிட்டிப்போகும் குளிர். திறந்த வாகனத்தில் கம்பளிப் போர்வையின்றி இருக்க முடியாது. காலையிலும் மாலையிலும் விலங்குகளைத் தேடிச் செல்வதும், நண்பகலில் மர நிழலில் ஓய்ந்திருப்பதுமே நாளின் ஒழுங்கு. மரக்கிளையில் தொங்கும் வாளியில் வெந்நீர்க் குளிப்பு. குழி வெட்டிய மலகூடம். முக்கால் இரும்புப் பானையிற் சமைத்த இறைச்சியும் சோளமாக் களியும்.

முகாமைச் சுற்றி வேலி கிடையாது. இருட்டியபின் கூடாரத்தின் இழுவைப் பூட்டை முற்றாக மூடிவிட வேண்டும். பழங்களை உள்ளே வைத்திருத்தலாகாது. யானையின் மோப்பம் பொல்லாதது. சப்பாத்துகளை வெளியே விட்டால் கழுதைப்புலி கவ்விச் சென்றுவிடும். இரவில் நீர்யானைகள் புல் மேயும் ஓசை செவிக்கு மிக அருகிற் கேட்கும். அச்சம் எழுவது இயல்பே. விதிகளைக் கடைப்பிடிப்பவர்களுக்கு அபாயம் குறைவு.

இவையெல்லாம் பயணக் கையேடுகள் கூறுபவை. அவை போதிய அளவு கூறாதது, வழிகாட்டியின் கல்வியைப் பற்றியே. எம் வழிகாட்டி குவாய்க் கிராமத்தவர். சிங்கத்தின் அடிச்சுவட்டைக் கண்டதும் இறங்கிக் குனிந்தார். சுவட்டின்மீது இரவிலே திரியும் சிறு பூச்சியொன்றின் கோடு ஓடியிருந்தது. “விடியுமுன்பே போய்விட்டது” என்றார். சற்றுத் தொலைவில் அவ்வாறான கோடு படாத வேறொரு சுவடு. “இது காலையில் வந்தது”. மான் மூச்சிரைத்து எச்சரிப்பதும், கவுதாரி கலவரப்பட்டுக் கூவுவதும் அவருக்கு வாசகங்கள். நோக்கி, ஒப்பிட்டு, முடிவு செய்து, முடிவை மீண்டும் சோதிக்கும் இம்முறையை அறிவியல் என்னாது வேறென்ன பெயரால் அழைப்பது? வகுப்பறையில் இதனைக் கற்பிக்க நாம் படும் பாடு ஆசிரியர்களுக்குத் தெரியும்.

“என் பாட்டி பிறந்தது இந்தக் காப்பகத்துக்கு உள்ளேதான், ஐயா. நான் வேலைக்காகத்தான் உள்ளே வருகிறேன்” என்று அவர் ஒருநாள் கூறினார். அக்கூற்றின் பின்னே ஒரு வரலாறு உண்டு. மொரேமிக் காப்பகம் 1963ஆம் ஆண்டில் பதவானா மக்களாலே அமைக்கப்பட்டது. அவர்களின் தலைமைப் பொறுப்பை அப்போது ஏற்றிருந்தவர் எலிசபெத் புலானே மொரேமி என்னும் பெண்மணி. அளவிறந்த வேட்டையினின்றும் காட்டைக் காக்க உள்ளூர் மக்களே முன்வந்தமை போற்றுதற்குரியது. ஆனால், அந்நிலத்தில் வாழ்ந்திருந்த சான் மக்கள் எல்லைக்கு வெளியே குவாய்க்குப் பெயர வேண்டியதாயிற்று. ‘உள்ளூர் மக்கள்’ என்ற சொல்லுக்குள்ளேயும் மேலோர், கீழோர் என்ற பிரிவு ஒளிந்திருக்கக் கூடும் என்பதற்கு இது சான்று.

மத்திய கலகாரிக் காப்பகத்தின் கதை இன்னுங் கொடியது. விலங்குகளோடு, அங்கு வேட்டையாடி வாழ்ந்த சான் மக்களையும் கருத்திற் கொண்டு 1961இல் அமைக்கப்பட்டது அது. 1997இலும் 2002இலும் அம்மக்கள் அங்கிருந்து அகற்றப்பட்டனர்; அவர்களின் குழாய்க்கிணறும் மூடப்பட்டது. அவர்கள் வழக்காடினர். அகற்றியமை சட்டவிரோதம் என்று 2006 டிசெம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் கிணற்றைப் பயன்படுத்தும் உரிமைக்காக, மேன்முறையீட்டு நீதிமன்றின் 2011ஆம் ஆண்டுத் தீர்ப்புவரை காத்திருக்க நேர்ந்தது. அவ்விடைக்காலத்தில் அதே காப்பகத்தினுள் உல்லாசப் பயணிகளுக்காக நீச்சல் தடாகத்தோடு விடுதியொன்று திறக்கப்பட்டது. மனிதனில்லாக் கன்னி வனம் என்று விளம்பரங்கள் வருணிப்பதைப் படிப்போர், அங்கிருந்த மனிதன் எங்கே போனான் என்றும் கேட்டாக வேண்டும்.

இதனால் உல்லாசப் பயணமே தீது என்று நாம் வாதிடவில்லை. பொட்சுவானாவில் ஏறத்தாழ 130,000 யானைகள் உள்ளன. வேறெந்த நாட்டிலும் இத்தனை இல்லை. ஒரே இரவில் தன் சோளப் பயிரை யானைக்குப் பறிகொடுக்கும் ஏழை விவசாயிக்குக் காட்டினால் ஒரு வருவாயும் இல்லையென்றால், காட்டைக் காக்குமாறு அவனிடம் கேட்க யாருக்கு முகமிருக்கிறது? 2014இல் விதித்த வேட்டைத் தடையை அரசு 2019இல் நீக்கியபோது எடுத்துரைக்கப்பட்ட நியாயங்களுள் இதுவும் ஒன்று. தென்னாபிரிக்காவில் 1969ஆம் ஆண்டு நிறவெறி அரசாற் குறூகர் பூங்காவினின்றும் விரட்டப்பட்ட மகுலேக்கே மக்கள், 1998இல் தம் நிலத்தை மீளப் பெற்றனர். பெற்றபின் அதனைக் காடாகவே வைத்து, அங்கு நடைபெறும் உல்லாசப் பயணத் தொழிலின் வருவாயைத் தமதாக்கினர். உரிமையும் காடும் ஒருங்கே வாழலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆகவே, செல்ல விரும்பும் நண்பர்கள் கம்பளி ஆடையும் மலேரியாத் தடுப்பு மாத்திரையும் மட்டும் ஆயத்தஞ் செய்தாற் போதாது. இந்த முகாம் யாருடைய நிலத்தில் நிற்கிறது? நாம் செலுத்தும் கட்டணத்திற் கிராமத்துக்குச் செல்வது எவ்வளவு? எமக்கு முன்னே எழுந்து நெருப்பு மூட்டுபவருக்கும், கோலூன்றி மொக்கோரோ வள்ளத்தைச் செலுத்துபவருக்கும் பருவம் முடிந்தபின் சம்பளம் உண்டா? பணம் கட்டுமுன் இவற்றைக் கேட்க வேண்டும். கேட்போர் தொகை பெருகுமானால், பயணங்களை நடத்துவோர் விடை சொல்லியே தீர வேண்டும். சிங்கத்தைக் காண்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. அதைக் காட்டித் தரும் மனிதரைக் காண்பதற்கு அதிர்ஷ்டம் வேண்டியதில்லை.