சர்வர் வாங்கும் முன்

ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்யும் என் தங்கை மகனுக்குக் கடை பெருகிவிட்டது. பில் போட நேரமாகிறதாம். தீபாவளிக்குள் கடன் வாங்கியாவது புது சர்வர் வேண்டும் என்று ஒரு கொட்டேஷனை அனுப்பினான். இரண்டு பிராசசர், மொத்தம் 32 கோர். டிஸ்க் மட்டும் பழையபடி சுழலுகிற ஹார்ட் டிஸ்க்!

கூட்டமான நேரத்தில் டாஸ்க் மேனேஜரைப் பார்க்கச் சொன்னேன். சிபியு 15 சதவீதம், டிஸ்க் 100.

என்னிடம் இயற்பியல் படித்த பிள்ளைகள் கணக்குப் போடுங்கள். நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் வினாடிக்கு 120. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி வினாடி. பில் டிஸ்க்கில் பதிந்தது உறுதியான பிறகுதான் டேட்டாபேஸ் ‘முடிந்தது’ என்று சொல்லும். தட்டு சுற்றி வரும்வரை 32 கோரும் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

கோரைப் பாதியாக்கி, மிச்சத்தை எஸ்எஸ்டியிலும் ரேமிலும் போடச் சொன்னேன். தினம் புழங்கும் ஸ்டாக்கும் பாக்கிக் கணக்கும் ரேமில் அடங்கிவிட்டால், படிப்பதற்கு டிஸ்க் பக்கம் அதிகம் போக வேண்டியதில்லை. எஸ்எஸ்டியும் கரண்ட் போனால் பாதியில் நிற்பதை எழுதி முடிக்க மின்தேக்கி வைத்ததாக இருக்க வேண்டும். (மின்தேக்கியால் என்ன பிரயோஜனம் சார் என்று கேட்டவர்கள் கவனிக்கவும்.)

“ரெண்டு டிஸ்க்லயும் ஒண்ணா எழுதும் மாமா, பேக்கப் எதுக்கு?” என்றான். தவறி அழித்த பாக்கியும் ரெண்டிலும் ஒன்றாகத்தானேடா அழியும்? பேக்கப் கடைக்கு வெளியே இருக்க வேண்டும், மாதம் ஒருமுறை திரும்ப ஏற்றிப் பார்க்கவும் வேண்டும். அந்தப் பொறுப்பை அவன் மனைவி எடுத்துக்கொண்டாள். அவளும் என் மாணவிதான்.