நாணற்சுவர் வீடுகள்

அஸ்ஸாமில் பணியின் பொருட்டு வந்து தங்கிவிட்ட நம் தமிழ்க் குடும்பங்களில், சொந்த வீட்டைப் பற்றிய பேச்சு எழாத இல்லம் அரிது. செங்கல், கம்பி, சிமெண்டு என்று கணக்கிட்டுப் பெருமூச்செறிவோர் பலர். அத்தகைய அன்பர்கள் குவாஹாத்தியிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஷில்லாங் நகருக்கு ஒருமுறை சென்று வருதல் நலம். அண்மையில் நாங்கள் சில குடும்பத்தினராகச் சென்றிருந்தோம். அருவிகளும் பைன் மரச் சோலைகளும் கண்ணுக்கு விருந்தளித்தன. ஆயினும் எங்கள் கருத்தைப் பெரிதும் கவர்ந்தவை அங்குள்ள பழைய மர வீடுகளே.

1897 ஜூன் 12 அன்று நேர்ந்த பெரும் பூகம்பத்தில், ஷில்லாங்கில் கல்லால் எழுப்பப்பெற்ற கட்டடங்கள் தரைமட்டமாயின. அதன்பின் பரவியதே 'அஸ்ஸாம் வகை வீடு' எனப்படும் அமைப்பு. 1919-இல் ரவீந்திரநாத தாகூர் தங்கிய புரூக்ஸைடு இல்லமும் இவ்வகையினதே.

இதைக் கட்டும் முறை எளிது. ஜன்னலின் அடிமட்டம் வரை செங்கல்லாலோ கல்லாலோ குட்டைச் சுவர் எழுப்புகின்றனர். அதன்மேல் மரத்தூண்களையும் குறுக்குச் சட்டங்களையும் பொருத்திக் கட்டம் கட்டமாக அமைக்கின்றனர். ஈரநிலங்களிலும் ஆற்றோரங்களிலும் விளையும் 'இக்ரா' என்னும் நாணலைத் தட்டியாக்கி ஒவ்வொரு கட்டத்திலும் அடைத்து, இருபுறமும் சாந்து பூசுகின்றனர். மேலே மழைநீர் வழிந்தோடச் சரிவான தகரக் கூரை. பூமி அதிர்ந்தால் சட்டங்களும் உடன் அசைந்து கொடுக்கின்றன. சாந்து உதிரலாம், கனத்த சுவர் தலைமேல் சரியும் அபாயம் குறைவு. 2011 செப்டம்பரில் சிக்கிமில் நேர்ந்த நிலநடுக்கத்திலும் இக்ரா வீடுகள் நன்கு தாங்கி நின்றதைப் பொறியியலார் கண்டறிந்தனர்.

தட்டி ஒன்று மட்கினால் அந்தக் கட்டத்தை மட்டும் பெயர்த்துப் புதுப்பிக்கலாம். இரயில் பெட்டியில் பழுதான பாகத்தை மட்டும் கழற்றி மாற்றும் பணிமனை வழக்கத்தை அறிந்த எங்களுக்கு இது பழகிய செய்தியாகவே தோன்றியது.

இத்தகைய வீடுகள் குறைந்தமைக்குக் காரணங்கள் உண்டு. நகரத்து மனைவிலை மாடிக் கட்டடங்களை வேண்டிற்று. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வடகிழக்குக் காடுகளில் மரம் வெட்டுவதற்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. காடு அழியாதிருக்க அது தேவையே. ஆனால் காட்டு மரத்தை விடுத்து, நட்டு வளர்த்த மரத்தையும் மூங்கிலையும் கொள்ளலாம் அன்றோ? காடல்லாத நிலத்தில் வளரும் மூங்கில் 2017-இல் சட்டத்தின் 'மரம்' என்னும் வரையறையிலிருந்து நீக்கப்பட்டது. 1993-இல் தன் கட்டடங்களில் மரத்தை விலக்கிய மத்தியப் பொதுப்பணித் துறை, 2020-இல் அத்தடையை அகற்றியது. மேனாடுகளிலோ பலகைகளை ஒட்டிச் சுவர்களையும் தளங்களையும் தொழிற்சாலையிலேயே செய்து, மனைக்குக் கொணர்ந்து பொருத்துகின்றனர். நார்வேயில் 2019-இல் 18 மாடி மரக் கட்டடமே எழுந்துள்ளது.

கறையானுக்கும் தீக்கும் தக்க காப்பு வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், அஸ்ஸாம் நிலநடுக்கம் மிகுந்த பிரதேசம். நகருக்கு வெளியே சிறு மனை வைத்திருக்கும் அன்பர்கள், காங்கிரீட்டுக்குக் கடன் வாங்குமுன், இவ்வீடுகளில் ஒன்றையேனும் நேரில் கண்டு, அனுபவமுள்ள தச்சரையும் பொறியாளரையும் கலந்து பேசுமாறு வேண்டுகிறோம். பிள்ளைகள் அச்சமின்றி உறங்கும் வீடு, நாம் எண்ணியிருந்ததைவிடக் குறைந்த செலவிலும் அமையக்கூடும்.